சிம் இல்லாத போனுக்கு எண் அனுப்பியது யார்?

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசிக்கு உறவினர்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். ஆனி மாதத்தில் மேற்கு மலை மேகத்தில் மறைந்து, பொடிப்பொடியாய்த் தூறல் முகத்தில் தெறிக்க ஆரம்பித்ததுமே, "குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது?" என்று மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் விசாரணைகள் வரும். ஆண்டில் ஒன்பது மாதம் எங்களை நினையாதவர்களுக்குக்கூட அந்த மூன்று மாதம் எங்கள்மேல் பாசம் பெருக்கெடுக்கும். குறையாகச் சொல்லவில்லை, தோழியரே! விருந்தினர் வந்தால்தான் எங்களுக்கும் அருவிக் குளியலும், ரம்புட்டான் பழமும், பிரானூர் பார்டர் பரோட்டாவும் கிடைக்கும். 2025 ஜூலை கடைசி வாரத்தில் மதுரைப் பெரியம்மா வந்ததும் அப்படித்தான். அந்த வருகையின்போதுதான் அம்மாவின் கைப்பேசி ஐந்தருவியில் நனைந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த அமளியைத்தான் இந்த மலரில் எழுத வந்திருக்கிறோம்.

நாங்கள் இரட்டையர். அப்பா சவுதி அரேபியாவில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். 2020 ஊரடங்கின்போது தெருவிலுள்ளவர்களுக்கு முகக்கவசம் தைத்துக் கொடுத்ததில் தொடங்கியது அது. பிறகு பெண் குழந்தைகளுக்கான பாவாடை சட்டையாக வளர்ந்து, சமூக வலைத்தளம் ஒன்றில் ஒரு பக்கம் தொடங்கும் அளவுக்கு வந்தது. துணியை விரித்துப் படம் எடுத்துப் போடுவது எங்கள் பொறுப்பு. விசித்திரம் என்னவென்றால், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர் அல்லர். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று இருக்கிறவர்கள். ஓணம் வந்தால் கசவுக் கரை வைத்த பாவாடை கேட்டு வரிசையாக எழுதுவார்கள். 2025 இல் திருவோணம் செப்டம்பர் 5 ஆம் தேதி. ஜூலை முடியும் முன்பே நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளும் முகவரிகளும் வந்து சேர்ந்திருந்தன. அத்தனையும் அந்தப் பக்கத்தின் செய்திப் பெட்டியில்தான் இருந்தன. "ஒரு நோட்டில் எழுதி வையேன்டி" என்று ஆச்சி சொல்லாத நாளில்லை. அம்மா எழுதி வைக்காத நாளும் இல்லை என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நாள்கூட எழுதவில்லை என்பதே உண்மை.

ஐந்தருவிக்குப் போகும்போது கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாள். பெரியம்மாவைப் படம் எடுக்க அதைத் திறந்தாள், மூட மறந்தாள். அவ்வளவுதான்! வீடு வந்ததும் ஆச்சி அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். அரிசி ஈரத்தை உறிஞ்சியதோ இல்லையோ, மறுநாள் அதன் துளைகளில் தவிடு அடைத்திருந்தது. திரை ஒளிர்ந்தது; ஆனால் கீழ்ப்பாதியில் விரல் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மேல்பாதிக்கு மட்டும் உயிர் இருந்தது. பக்கவாதம் வந்தவரைப் போல அந்தப் போன் படுத்துக் கிடந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்ததால், மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் போன் வாங்கினோம். கடையிலிருந்த அண்ணன் பழைய போனையும் புதிய போனையும் ஒரு வடத்தால் இணைத்து, படங்கள், தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். சிம் அட்டையையும் எடுத்துப் புதியதில் போட்டார். "எல்லாம் வந்துட்டு அக்கா. பழசைக் கொடுத்தீங்கன்னா ஆயிரத்து இருநூறு கழிச்சுக்கலாம்" என்றார். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் பழைய போனில் அம்மாவின் பக்கத்திலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறச் செய்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார். அழுத்தினார், அழுத்தினார்; ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் திரையின் அடியில் இருந்தது! அந்த நேரம் பார்த்து மின்கலமும் தீர்ந்து போன் அணைந்தது. "நாளைக்குக் கொண்டு வாங்க, கம்ப்யூட்டரில் போட்டு அழிச்சிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் செய்தது எல்லாக் கடையிலும் செய்வதுதான். ஆனால் அந்தக் கீழ்ப்பாதி மட்டும் நனையாமல் இருந்திருந்தால் எங்கள் ஓணம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்பது அன்று இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பின் அம்மா புதுப் போனில் தன் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தாள். அடுத்து, "சரிபார்ப்புச் செயலியிலுள்ள ஆறு இலக்கக் குறியெண்ணைத் தருக" என்று கேட்டது. செயலி புதுப் போனிலும் வந்திருந்தது. திறந்தோம். கழுவிக் கவிழ்த்த தட்டுப் போல வெறுமையாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். முந்தைய ஆண்டில், அம்மாவைப் போலவே துணி விற்கும் அத்தை ஒருவரின் பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று ஆசை காட்டிக் கடவுச்சொல்லை வாங்கி, அவருடைய வாடிக்கையாளர்களிடமே பணமும் பறித்துவிட்டார்கள். அதைக் கேட்டுப் பயந்து, பெரியம்மா மகன் அண்ணன் அம்மாவின் பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்துக் கொடுத்தான். கடவுச்சொல் ஒரு பூட்டு; நிமிடத்துக்கு இரண்டு முறை மாறும் ஆறு எண்கள் இன்னொரு பூட்டு. வங்கியில் பணம் அனுப்பும்போது குறுஞ்செய்தியில் எண் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த இத்தகைய கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது. இதுவும் அதுபோல்தான் என்று அம்மா நினைத்திருந்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சிம் புதுப் போனுக்கு வந்துவிட்டது. ஆகவே எண்ணும் புதுப் போனுக்குத்தானே வர வேண்டும்?

வரவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கலாம் என்றால், அதற்கான கடிதம் மின்னஞ்சலுக்குப் போகும். மின்னஞ்சலைத் திறக்கவும் அதே ஆறு எண்கள் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை! பழைய போனுக்கு மின்னேற்றம் செய்து திறக்கப் போனால், அணைந்து எழுந்த போன் கைரேகையை ஏற்க மறுத்தது. முதல் முறை நாலு இலக்க எண்ணைத்தான் கேட்கும். எண் விசைகளோ செத்துப்போன கீழ்ப்பாதியில் இருந்தன.

அம்மா அழவில்லை. தையல் இயந்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நாற்பது பிள்ளைகளுக்குத் துணி வெட்டணும். ஒன்றுக்குக்கூட இடுப்பளவு என் கையில் இல்லை" என்று மட்டும் சொன்னாள். முன்பணமாக வந்ததில் பாதிக்குத் துணி வாங்கியாயிற்று. அளவு தெரியாது, முகவரி தெரியாது, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க யாரிடம் பேசுவது என்பதும் தெரியாது. அந்த அத்தையைப் போல நம்மையும் ஊர் ஏமாற்றுக்காரி என்று சொல்லும் என்ற எண்ணம் அவளை வாட்டியதை முகத்திலேயே கண்டோம்.

மதுரைக்கு அழைத்து அண்ணனிடம் கேட்டோம். "அவசர எண்கள் பத்து எழுதிக் கொடுத்தேனே, அந்தத் தாளை எடுங்க" என்றான். மின்னஞ்சலுக்கு வழி இல்லாமல் போனால் உதவுவதற்காக ஒவ்வொன்றும் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தருவார்களாம். ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாமாம். பெரிய பழுப்புத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது எங்களுக்கும் நினைவிருந்தது. தேடினோம். பீரோவில் இல்லை, ரேஷன் அட்டை உறையில் இல்லை, பஞ்சாங்கத்துக்குள் இல்லை. நள்ளிரவு நெருங்கும் வேளையில் எங்களில் ஒருத்திதான் ஆணியில் தொங்கிய தையல் மாதிரித் தாள்களைப் புரட்டினாள். நான்கு வயதுக் குழந்தைச் சட்டையின் முன்பக்கக் கழுத்து மாதிரியில் அண்ணனின் கையெழுத்து தெரிந்தது! தாள் நல்ல கனமாக இருக்கிறதே என்று அம்மா அதை வெட்டியிருக்கிறாள். கழுத்து வளைவில் மூன்று எண்கள் போயிருந்தன, கைக்குழியில் இரண்டு. மீதி ஐந்து முழுதாக இருந்தன. அந்த வருத்தத்திலும் நாங்கள் சிரித்துவிட்டோம். முதல் எண்ணைக் கொடுத்ததும் மின்னஞ்சல் திறந்தது.

ஆனால் பக்கம் திறக்கவில்லை. மின்னஞ்சல் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தது. மாற்றிய பின்னும் குறியெண்ணையே கேட்டது.

மறுநாள் மாலை, அடுத்த தெரு அக்காளைக் கூப்பிட்டு வந்தோம். அவர் மத்தளம்பாறைப் பக்கம் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். வரும்போதே கையில் ஒரு மவுஸும், சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இணைப்பானும் கொண்டு வந்தார். இணைப்பானைப் பழைய போனின் மின்னேற்றும் துளையில் செருகி, மவுஸை அதில் மாட்டினார். திரையில் சின்னதாய் ஓர் அம்புக்குறி தோன்றியது! கணினிக்குத்தான் மவுஸ் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது மாயாஜாலமாக இருந்தது. விரலுக்கு இறந்துபோன கீழ்ப்பாதி, அம்புக்குறிக்கு உயிரோடு இருந்தது. நாலு எண்ணை அழுத்தினார்; போன் திறந்தது. செயலியைத் திறந்தார். அங்கே, இரண்டு வரிசையில், ஆறு ஆறு எண்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு சிறு வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. முழுதும் தேய்ந்ததும் எண்கள் மாறின.

அம்மா திகைத்துப்போய் அதையே பார்த்தாள். "அதில் சிம் இல்லையே பிள்ளே! நெட்டும் கிடையாது. பிறகு யார் இதுக்கு நம்பர் அனுப்புறா?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் இந்த ஐந்து நாளில் நாங்கள் செய்த தவறு எல்லாம் விளங்கியது.

யாரும் அனுப்பவில்லை என்றார் அக்காள். போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது. முதன்முதலில் அண்ணன் இதை அமைத்தபோது, திரையில் ஒரு கட்டம் போட்ட சதுரம் தோன்ற, அதைப் போனால் படம் பிடித்தானல்லவா? அந்தச் சதுரத்துக்குள் இருந்தது ஓர் இரகசியச் சொல். அதை வித்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படி வித்து நம் போனில். அதே வித்தின் இன்னொரு படி அந்த வலைத்தளத்திடம். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. இருவரும் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். 1970 ஜனவரி 1 ஆம் தேதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து இதுவரை எத்தனை அரை நிமிடங்கள் கழிந்தன என்று எண்ணுகிறார்கள். எங்களில் ஒருத்தி காகிதத்தில் போட்டுப் பார்த்தாள்: 2025 ஆகஸ்டு 1 ஆம் தேதி நம் நேரப்படி காலை ஐந்தரை மணிக்கு அந்த எண்ணிக்கை 5,84,66,880. அந்த எண்ணையும் வித்தையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் ஒரு நீண்ட எண் வருகிறது. அதிலிருந்து ஆறு இலக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு இடத்திலும் வித்து ஒன்று, நேரம் ஒன்று, அரைக்கும் முறை ஒன்று. ஆகவே விடையும் ஒன்று. மாவைப் பார்த்து வித்தைச் சொல்ல முடியாதபடி அந்த அரைப்பு இருக்கிறது. ஒருவன் நம் தோளுக்குப் பின்னால் நின்று ஆறு எண்ணைப் பார்த்துவிட்டாலும், அடுத்த ஆறு எண் என்னவென்று அவனால் கண்டுபிடிக்க இயலாது.

இந்த முறையை 2011 இல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற எண்ணுடைய பொது ஆவணமாக வெளியிட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படித்து அதன்படி செயலி செய்யலாம். 2010 இல் வந்த கூகுள் ஆதென்டிகேட்டர் அத்தகைய செயலிகளில் பெயர்பெற்ற ஒன்று. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ நிறுவனமும் 'ஒன்ஆத்' என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தென்காசிக்கு அருகே வயலும் தென்னந்தோப்பும் சூழ அலுவலகம் நடத்தும் நிறுவனம் உலகெங்கும் உள்ளவர்கள் பயன்படுத்தும் பூட்டையும் செய்கிறது என்று கேட்டபோது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எனவே, மாற்ற வேண்டியது எண்ணை அல்ல, வித்தை! குறுஞ்செய்தியில் வரும் எண் சிம் போகுமிடத்துக்கெல்லாம் பின்னால் போகும். அதனால்தான் அம்மாவின் வங்கி எண்கள் முதல் நாளே புதுப் போனுக்கு வந்துவிட்டன. அப்பாவைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்கள், பேசுவதற்குப் பயன்படாத இந்திய சிம்மையும் மாதாமாதம் காசு போட்டு உயிரோடு வைத்திருப்பது அந்த எண்ணுக்காகவே. ஆனால் ஏமாற்றுக்காரன் பொய்ச் சான்று காட்டி நம் எண்ணுக்கு வேறொரு சிம் வாங்கிவிட்டால், குறுஞ்செய்தியும் அவன் பின்னால் போய்விடும். செயலியின் வித்து அப்படிப் போகாது. அது போனுக்குள்ளேயே இருக்கும். திருடனுக்கு மட்டுமா? நமக்கும்தான் அது அசையாமல் இருந்துவிட்டது! கடை அண்ணனின் வடம் படத்தையும் பெயர்களையும் கொண்டு வந்தது. வித்தைக் கொண்டு வரவில்லை. பழைய போனை அழித்திருந்தால் வித்தும் அதோடு அழிந்திருக்கும்.

"சரி, பேசியது போதும். மின்கலம் முப்பது சதவிகிதம்தான் இருக்கு" என்று அக்காள் எங்களை அதட்டினார். மவுஸும் மின்னேற்றும் வடமும் ஒரே துளைக்குப் போட்டி. மவுஸ் இருக்கும்வரை மின்சாரம் ஏற்ற முடியாது. முதலில், தெரிந்த ஆறு எண்ணைப் பழைய போனில் பார்த்துப் புதுப் போனில் அடிக்கச் சொன்னார். பக்கம் திறந்தது! கொட்டாரக்கரைக் குழந்தையின் இடுப்பளவு முதலில் கண்ணில் பட்டது. அம்மா அப்போதுதான் அழுதாள்.

அழுகை முடியும்வரை அக்காள் காத்திருக்கவில்லை. பழைய போனின் செயலியில் கணக்குகளை மாற்றும் வழியைத் தேடினார். கூகுளின் ஆண்ட்ராய்டு செயலியில் இவ்வசதி 2020 இல்தான் வந்ததாம். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு தளத்துக்கும் போய்ப் பழையதை நீக்கிப் புதிதாக அமைக்க வேண்டியிருந்ததாம். மாற்றும் முன் உரியவர்தானா என்று கைரேகை கேட்டது. அம்மாவின் பெருவிரல் ஊசியும் கத்தரியும் பட்டுக் காய்த்துப் போனது. மூன்று முறை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து நான்காம் முறை வைத்ததும் ஏற்றது. திரையில் பெரிய சதுரம் ஒன்று தோன்றியது. எங்களில் ஒருத்தி அதை அவசரமாகத் திரைப்படம் எடுத்து வைக்கப் பார்த்தாள். அந்தச் செயலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நல்ல வேளை. அந்தப் படம் யார் கையில் கிடைச்சாலும் அத்தனை சாவியும் கிடைச்ச மாதிரி. அதைப் போய் வாட்ஸ்அப்பில் போடுவியா?" என்றார் அக்காள். புதுப் போனின் கேமராவை அந்தச் சதுரத்தின்மேல் பிடித்தோம். இரண்டு கணக்கும் தொப்பென்று வந்து விழுந்தன. எங்கள் கைதட்டலைக் கேட்டு ஆச்சி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

கைதட்டியது சீக்கிரம் என்று பிறகுதான் தெரிந்தது. சோதித்துப் பார்க்காமல் பழையதில் கை வைக்கக் கூடாது என்பது அக்காளின் கட்டளை. பக்கத்திலிருந்து வெளியேறி, புதுப் போன் காட்டிய எண்ணைக் கொண்டு மீண்டும் உள்ளே போக முயன்றோம். தவறான எண் என்றது. மறுபடியும் தவறு. இரண்டு போனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே கணக்குக்கு இரண்டும் வெவ்வேறு எண்ணைக் காட்டின! அக்காளே நெற்றியைச் சுருக்கினார். வித்து வரும் வழியில் கெட்டுப்போகுமா? பழைய போனில் பன்னிரண்டு சதவிகிதம் மீதி.

ஆச்சிதான் கண்டுபிடித்தாள். "ஏட்டி, அது ரெண்டுலேயும் மணி வேற வேறயா இருக்கே?"

பார்த்தோம். பழைய போனில் மணி 7.12. புதிய போனில் 7.22. சுவர்க்கடிகாரத்திலும் 7.22. நனைந்த போன்தான் பின்தங்கிவிட்டது என்று நாங்கள் அனைவரும் நினைத்தோம். ஆனால் சற்று முன் வலைத்தளம் ஏற்றுக்கொண்டது அந்தப் போனின் எண்ணைத்தானே! அப்போது அம்மா மெல்லச் சொன்னாள்: "நான்தான் புதுசை வாங்கின அன்றைக்கே பத்து நிமிஷம் கூட்டி வைத்தேன். இதுங்க ரெண்டும் ஸ்கூல் பஸ்ஸை விட்டுருதுகளே!"

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எங்களுக்கு நினைவு தெரிந்த நாளாகப் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. பழைய போனிலும் அம்மா அப்படி வைத்திருந்தாளாம். சரிபார்ப்பை அமைத்த அன்று அண்ணன் அதைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றி, "இதில் கை வைக்காதீங்க சித்தி" என்று சொல்லியிருக்கிறான். ஏன் என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் என்பது இருபது அரை நிமிடம். புதுப் போன் இருபது படி முன்னால் நின்றுகொண்டு, இன்னும் வராத நேரத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. எண் போய்ச் சேர ஆகும் தாமதத்துக்காகத் தளங்கள் ஒரு படி முன்பின் பொறுத்துக்கொள்ளுமாம். இருபது படியை யார் பொறுப்பார்? நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் இரண்டு திரையிலும் ஒரே எண் வந்து நின்றது. வெளியேறினோம், நுழைந்தோம், மின்னஞ்சலிலும் அப்படியே செய்தோம். பழைய போன் ஒன்பது சதவிகிதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அக்காள் அதோடு விடவில்லை. மின்னஞ்சலின் பழைய அவசர எண்களைச் செல்லாததாக்கி, புதிதாகப் பத்து எண்கள் வாங்கச் செய்தார். பக்கத்துக்கும் அத்தகைய எண்கள் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. புதிதாக ஒரு கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு அமைக்கும்போது, சதுரத்தின் அடியில் அந்த வித்தையே எழுத்தாகவும் காட்டுவார்கள், அதையும் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆங்கில எழுத்து 26, எண்கள் 2 முதல் 7 வரை ஆறு, ஆக 32 குறிகளால் எழுதுவது. ஓ எழுத்தோடும் ஐ எழுத்தோடும் குழம்பும் என்பதால் பூஜ்யமும் ஒன்றும் அதில் வராது. கையால் எழுதிப் படிப்பவர்களை நினைத்து யாரோ ஒருவர் அப்படி அமைத்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. கூகுள் செயலியில் 2023 ஏப்ரல் முதல் வித்துகளைக் கணக்கிலேயே சேமித்து வைக்கும் வசதி வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டதற்கு, "வைத்துக்கொள்ளுங்க அத்தை. ஆனா அந்தக் கணக்குக்குள்ளே போகவே குறியெண் வேணும்னா, மறுபடியும் பெட்டிக்குள்ளே சாவிதான். தாள் ஒன்று வெளியே இருக்கட்டும்" என்றார்.

தாளை இம்முறை எங்கே வைப்பது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. பீரோ வேண்டாம், அது நகைக்குத் திருடன் முதலில் பார்க்கும் இடம் என்றாள் பெரியம்மா. ஆச்சி தன் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இறுதியில் இரண்டு படி எடுத்தோம். ஒன்று வீட்டில்; இன்னொன்று பெரியம்மாவோடு மதுரைக்குப் போயிற்று. வீட்டுப் படி எங்கே என்று எங்களுக்குத் தெரியும், தோழியரே, ஆனால் எழுத மாட்டோம். மாதிரித் தாள்களோடு இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

நோட்டும் ஒன்று போட்டோம். அன்று இரவே இருவரும் உட்கார்ந்து, ஒருத்தி படிக்க ஒருத்தி எழுத, அத்தனை குழந்தைகளின் அளவையும் முகவரியையும் இறக்கினோம். ஓணத்துக்கு ஆறு நாள் முன்பே கடைசிப் பொதியும் செங்கோட்டை தாண்டிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அழைக்கும் அப்பாவிடமும் கதையைச் சொன்னோம். தன் போனிலும் அப்படி ஒரு செயலி இருக்கிறதென்றும், அடுத்த மாதம் போன் மாற்றுவதாக இருந்ததென்றும் சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சதுரம் எங்கே இருக்கும்னு சொல்லுங்கம்மா" என்றார்.

பழைய போனை ஒரு வாரம் கழித்து மவுஸைக் கொண்டே அழித்தோம். கடைக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அது தையல் இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்று மணி காட்டுகிறது. அதில் எந்தக் கணக்கும் இல்லை, சிம்மும் இல்லை. பத்து நிமிடம் கூட்டித்தான் வைத்திருக்கிறாள்.